இராமானுசன் பட்டியலில் விடுபட்ட எண்

பெரியகல்லாறு, ஒருபாற் கடலும் ஒருபால் வாவியும் நெருங்க, இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர். அவ்வூரின் தென்னந்தோட்டம் ஒன்றிலே, பறித்திட்ட தேங்காய்களைச் சிறுவர் சிலர் வரிசை வரிசையாக அடுக்குவதாகக் கொள்க. தேங்காய்கள் 23 ஆயின் அவற்றை ஒரே வரிசையாக வைக்கலாமேயன்றிச் சமனான பல வரிசைகளாகப் பகுத்து வைத்தல் இயலாது. 25 ஆயின் ஐந்து வரிசையாக வைக்கலாம். வேறு வழி இல்லை. 24 ஆயினோ இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு என எத்தனை வரிசை கேட்பினும் அத்தனை வரிசையாக அடுக்கலாம். இம்மூன்று தொகைகளும் அளவில் ஏறக்குறைய ஒன்றே. குணத்தில் வேறு வேறு. எண்ணின் பருமை வேறு, அதன் பகுபடுந் தன்மை வேறு என்னும் உண்மையை இச்சிறு விளையாட்டே காட்டிவிடுகின்றது.

எளிதிற் பகுபடும் எண்களை மாந்தர் மிகப் பழங்காலந் தொட்டே தேர்ந்து கையாண்டு வந்துள்ளனர். பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்டு எண்ணினர். வட்டத்தை 360 பாகையாகப் பகுத்த முறை இன்றுவரை நிலைத்துள்ளது. நம் முன்னோர் ஒரு நாளை 60 நாழிகையாகவும், ஒரு நாழிகையை 60 விநாழிகையாகவும் வகுத்தனர். நூறு என்னும் எண்ணுக்கு ஒன்றையும் அவ்வெண்ணையும் சேர்த்து ஒன்பது காரணிகளே உள்ளன. அதனினும் சிறிய அறுபதுக்கோ பன்னிரண்டு காரணிகள் உள. ஆயிரத்துக்குப் பதினாறு காரணிகள். அதனிற் குறைந்த 840 என்னும் எண்ணுக்கு 32 காரணிகள். பங்கிட்டு வாழும் உலகிற்கு அறுபது நூற்றிலும் பயன்மிக்கதாயிருந்தமை வியப்பன்று.

கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ 'சட்டங்கள்' என்னும் நூலிலே தாம் கற்பனை செய்த நகரின் குடிகள் 5040 ஆதல் வேண்டும் என விதித்தார். நிலத்தைப் பங்கிடவும், வரி தண்டவும், படை திரட்டவும் ஏற்ற எண் அதுவே என்பது அவர் கருத்து. அவ்வெண்ணுக்கு, அதனை நீக்கி 59 காரணிகள் உளவென்றும், ஒன்று முதற் பத்து ஈறாக உள்ள எண்கள் யாவும் அதனைச் சரியாக வகுக்கும் என்றும் அவர் அறிந்திருந்தார். 5040 என்னும் இவ்வெண் பின்னரும் இருமுறை இக்கட்டுரையில் வரும். வாசகர் அதனை நினைவில் இருத்துவாராக.

தன்னிற் சிறிய எண்கள் எல்லாவற்றினும் மிகுதியான காரணிகளை உடைய எண்ணை உயர்சேர்த்தி எண் எனலாம். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று இவ்வரிசை செல்லும். 5040 உம் இவ்வரிசையைச் சேர்ந்ததே. பார்வைக்கு நிறைவாகத் தோன்றும் பேரெண்கள் யாவும் இவ்வினத்தைச் சேர்ந்தன அல்ல. கலியுகத்தின் அளவாக நூல்கள் கூறும் 432,000 ஆண்டு என்னும் எண்ணை எடுத்துக்கொள்க. அது 4320 இன் நூறு மடங்கு. அதற்கு 128 காரணிகள் உண்டு. ஆனால் 4320 ஐ நூற்றாற் பெருக்காது எழுபத்தேழாற் பெருக்கின் 332,640 கிடைக்கும். இஃது அளவிற் சிறிது. எனினும் இதற்கு 192 காரணிகள் உள. நூறு என்பது 2, 5 என்னும் பழைய காரணிகளையே மீளவும் சேர்க்கின்றது. எழுபத்தேழோ 7, 11 என்னும் புதியனவற்றைக் கொணர்கின்றது. எதனைச் சேர்ப்பது, எதனை விடுப்பது என்னும் இந்தத் தேர்விலேயே உயர்சேர்த்தி எண்ணின் மருமம் அடங்கியுள்ளது.

இம்மருமத்தை முறையாக ஆராய்ந்து உலகறியச் செய்தவர் சீனிவாச இராமானுசன் ஆவார். 1887 ஆம் ஆண்டு திசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், பள்ளிப் பருவத்திற் பரிசில்கள் பல பெற்றவர். ஆயினும் கல்லூரி வாழ்வு அவருக்குக் கைகூடவில்லை. கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால் உதவிச் சம்பளத்தை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப். ஏ. தேர்வில் அவர் தேறவில்லை. பட்டம் இல்லாதவருக்கு அக்காலத்திற் பல்கலைக்கழகத்தின் வாயில் அடைக்கப்பட்டதாகவே இருந்தது. 1912 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திற் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாச் சம்பளத்தில் எழுதுவினைஞராக அமர்ந்தார். 1913 சனவரியில் அவர் கேம்பிரிட்சுக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதமே அவ்வாயிலைத் திறந்தது. 1914 மார்ச்சிற் கப்பலேறி, ஏப்பிரலில் இங்கிலாந்து சேர்ந்து, திரினிற்றிக் கல்லூரியில் ஆய்வைத் தொடங்கினார்.

மறு ஆண்டு, 1915 இல், இலண்டன் கணிதக் கழகத்தின் வெளியீட்டில் உயர்சேர்த்தி எண்கள் பற்றிய அவரது கட்டுரை அறுபத்துமூன்று பக்கங்களில் வெளிவந்தது. இவ்வாய்வின் பொருட்டே 1916 மார்ச்சு 16 ஆம் நாள் கேம்பிரிட்சுப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சி வழியான பி. ஏ. பட்டத்தை வழங்கியது. முனைவர்ப் பட்டம் அப்பல்கலைக்கழகத்தில் அந்நாளில் ஏற்படவில்லை. ஆராய்ச்சிக்குரிய பட்டமாக இருந்தது இதுவே. இருமுறை கல்லூரியிலிருந்து வெறுங்கையுடன் வெளியேறியவருக்குப் பட்டம் பெற்றுத் தந்தவை, சிறுவரும் பொருளுணரத்தக்க இவ்வெண்களே.

அக்கட்டுரையின் நெறியை உணர்தற்குப் பெருங் கல்வி வேண்டியதில்லை. எந்த முழுவெண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாக எழுதலாம். 24 என்பது 2³ × 3 ஆகும். இதன் காரணி ஒன்றை ஆக்கும்போது இரண்டு என்பதை ஒருமுறையும் எடாது விடலாம். ஒருமுறை, இருமுறை, மும்முறையும் எடுக்கலாம். ஆக நான்கு வழிகள். மூன்று என்பதை எடுக்கலாம், அல்லது விடலாம். ஆக இரண்டு வழிகள். நான்கை இரண்டாற் பெருக்க எட்டு. எனவே 24 இன் காரணிகள் எட்டு. சுட்டி ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டி, வந்தவற்றை ஒன்றோடொன்று பெருக்குவதே விதி. பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் இஃது எட்டாத விதியன்று.

இனி, 18 என்பது 2 × 3². அதற்கு ஆறு காரணிகள். சுட்டிகளை இடம் மாற்றி 2² × 3 என எழுதினால் 12 வரும், அதற்கும் ஆறே. அதே பயனைச் சிறிய எண் தருமாதலின் 18 உயர்சேர்த்தி எண் ஆகாது. ஆகவே உயர்சேர்த்தி எண்ணில் இரண்டின் சுட்டி மூன்றின் சுட்டியினும், மூன்றின் சுட்டி ஐந்தின் சுட்டியினும் ஒருபோதும் குறைதலாகாது. இடையில் எந்த முதன்மை எண்ணும் விடுபடுதலும் ஆகாது. கடைசியாக வரும் முதன்மை எண்ணின் சுட்டி, 4, 36 என்னும் இரண்டு எண்களில் மட்டுமன்றி, எப்போதும் ஒன்றே என்பதையும் இராமானுசன் நிறுவினார். இது மேலே கூறியது போல் எளிதிற் புலப்படுவதன்று. நுண்ணிய ஆராய்ச்சியால் அடைந்த முடிவு.

இத்துணையும் வடிவம் பற்றியது. கடினமானது அதன் பின்னர் எழும் நிறுவை வேலை. ஓர் எண்ணில் இல்லாத 23 ஐப் புதிதாகச் சேர்த்தால் காரணிகள் இரு மடங்காகும். ஆனால் எண் இருபத்துமூன்று மடங்காகிவிடும். ஏற்கெனவே உள்ள ஏழை ஏழின் வர்க்கமாக உயர்த்தினால் காரணிகள் ஒன்றரை மடங்கே ஆகும். எண்ணும் ஏழு மடங்கே ஆகும். இவ்விரண்டில் எது சிக்கனம்? இத்தகைய தேர்வுகள் பலவற்றை ஒருங்கே எடைபோட்டு, எந்தச் சிறிய எண்ணும் தப்பிவிடாதபடி பார்த்துச் செல்லுதல் வேண்டும். கணிப்பொறி தோன்றாத காலத்தில் இவ்வாறு எடைபோட்டு இராமானுசன் தம் கட்டுரையில் 102 எண்கள் கொண்ட பட்டியல் ஒன்றை அமைத்தார். அதன் இறுதி எண் 6,746,328,388,800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு என்பது அதன் வாசிப்பு.

இவ்வெண்ணின் உட்கூறு இது: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23. சுட்டிகளோடு ஒன்றொன்று கூட்டின் 7, 5, 3, 3 என்பனவும் ஐந்து இரண்டுகளும் வரும். அவற்றைப் பெருக்கின் 10,080. ஏறத்தாழ ஏழு இலட்சம் கோடிக்குள் அடங்கிய எண்களில் பத்தாயிரத்து எண்பது காரணிகளைத் தன்னகத்தே கொண்ட முதல் எண் அதுவே.

இத்துணை நுட்பத்துடன் அமைந்த பட்டியலை அறிஞர் பிற்காலத்தில் மீளச் சரிபார்த்தபோது ஒரு குறை புலப்பட்டது. நூற்றிரண்டு எண்களும் சரியானவையே. ஆயினும் அவற்றினிடையே இருந்திருக்க வேண்டிய ஓர் எண் இல்லை. அவ்வெண் 293,318,625,600, அஃதாவது இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு.

பெயர் பெற்றவர் ஒருவரின் பட்டியலிற் குறை உண்டு என்று சொல்லுதல் எளிது. அதற்குச் சான்று யாது? சான்று மாணவனின் கைக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளது. பட்டியலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்கள் 240,940,299,600 உம் 321,253,732,800 உம் ஆகும். முன்னது 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. இதன் காரணிகள் 4,800. பின்னது 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23. இதன் காரணிகள் 5,376. இவ்விரண்டுக்கும் இடையில் உயர்சேர்த்தி எண் இல்லை என்று பட்டியல் சொல்லுமாயின், இடைப்பட்ட எந்த எண்ணுக்கும் 4,800 இன் மேற்பட்ட காரணிகள் இல்லை என்பது அதன் பொருள். ஆனால் 293,318,625,600 இவ்விரண்டுக்கும் இடையிலேயே உள்ளது. அதன் உட்கூறு 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. காரணிகளைக் கணக்கிடின் 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2, அஃதாவது 5,040. பிளேட்டோவின் எண்ணே ஈண்டும் வந்து நிற்கின்றது. 5,040 என்பது 4,800 இன் மிக்கது. எனவே பட்டியலில் இடைவெளி உண்டென்பது ஒரு பெருக்கற் கணக்கினாலேயே நிறுவப்பட்டது. அவ்விடைவெளியை நிரப்புவது இவ்வெண்ணே, இதனினும் சிறிதான வேறொன்றன்று என்று காட்டுதற்கு மட்டுமே நீண்ட ஒப்பீடு வேண்டும்.

விடுபட்ட எண்ணுக்கும் பட்டியலில் உள்ள எண்களுக்கும் இடையிலான உறவு வியக்கத்தக்கது. இதன் பாதியாகிய 146,659,312,800 பட்டியலில் உண்டு. இதன் மூன்றிலொரு பங்காகிய 97,772,875,200 உம் உண்டு. இதனை 23 ஆற் பெருக்கினால் வருவது 6,746,328,388,800. அஃதாவது பட்டியலின் முடியாக நிற்கும் இறுதி எண்ணே. பாதியும் உண்டு, மூன்றிலொன்றும் உண்டு, இருபத்துமூன்று மடங்கும் உண்டு. முதல் மட்டும் இல்லை.

அடுத்து நிற்கும் 321,253,732,800 என்பதோடு இதனை ஒப்பிட்டால் மேலே கூறிய நிறுவை வேலையின் நுண்மை விளங்கும். அவ்வெண்ணிலிருந்து 23 ஐ நீக்கி, அதற்கு ஈடாக ஒரு மூன்றையும் ஓர் ஏழையும் சேர்த்தால் விடுபட்ட எண் வரும். நீக்கியது 23, சேர்த்தது 21. ஆதலின் எண் சிறிதே குறைகின்றது. காரணிகளோ 23 நீங்கியதாற் பாதியாகி, ஏழின் வர்க்கத்தால் ஒன்றரை மடங்காகி, மூன்றின் சுட்டி உயர்ந்ததால் ஒன்றேகால் மடங்காகி, முடிவிற் பதினாறில் பதினைந்து பங்காய் நிற்கின்றன. பக்கத்தில் நிற்கும் இரு எண்களும் 23 ஐக் கொண்டிருக்க, இஃது ஒன்று மட்டும் 19 உடன் நின்று, உள்ளதையே பெருக்கிக்கொண்டு நிறைவெய்துகின்றது. புதிய முதன்மை எண்ணைச் சேர்ப்பதும் பழையவற்றை உயர்த்துவதும் ஏறக்குறையச் சம எடையில் நிற்கும் இடம் இது.

இக்குறையினால் இராமானுசனின் ஆய்வு பழுதுற்றதோ எனின், இல்லை. அவர் நிறுவிய தேற்றங்களுள் ஒன்றும் இதனாற் சாயவில்லை. விடுபட்ட எண்ணும் அவர் கூறிய வடிவத்திலிருந்து இம்மியும் பிறழவில்லை: சுட்டிகள் ஒழுங்காக இறங்குகின்றன, முதன்மை எண் எதுவும் இடையில் விடுபடவில்லை, இறுதிச் சுட்டி ஒன்றே. அவர் வகுத்த விதிகளைக் கைக்கொண்டே அவர் பட்டியலின் குறையையும் காணலாம். 1983 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நாட்டுக் கணித அறிஞர் றொபின் முதல் ஐயாயிரம் உயர்சேர்த்தி எண்களின் பட்டியலைத் தந்தார். அப்பெரும் பட்டியலுக்கு முன்னோடி 1915 ஆம் ஆண்டுக் கட்டுரையே.

விடுபட்டது ஓர் எண் மட்டுமன்று என்பதும் இங்கே கூறத்தக்கது. இலண்டன் கணிதக் கழகம் அந்நாளிற் பொருள் முட்டுப்பாட்டில் இருந்தது. அச்சுச் செலவைக் குறைத்தற்பொருட்டு இராமானுசன் எழுதியதில் ஒரு பகுதி அச்சேறாது நிறுத்தப்பட்டது. அவர் 1918 இல் அரச கழகத்தின் உறுப்பினராகவும் திரினிற்றிக் கல்லூரியின் ஆய்வுறுப்பினராகவும் தெரிவு செய்யப்பட்டு, 1919 இல் நோயுடன் தாயகம் திரும்பி, 1920 ஏப்பிரல் 26 ஆம் நாள் தமது முப்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். அச்சேறாத அப்பகுதியோ உறங்கிக் கிடந்தது. 1997 ஆம் ஆண்டிலேயே நிக்கொலா, றொபின் என்னும் இருவரும் அதனைக் குறிப்புரையுடன் பதிப்பித்தனர். எழுதப்பட்ட காலத்திலிருந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் அது காத்திருந்தது.

அப்பகுதியில் இராமானுசன் காரணிகளின் எண்ணிக்கையோடு நில்லாது காரணிகளின் கூட்டுத்தொகையையும் ஆராய்ந்திருந்தார். ஓர் எண்ணின் காரணிகள் யாவற்றையும் கூட்டினால் அத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு ஓர் எல்லையை, 1859 இல் றீமன் வெளியிட்ட புகழ்பெற்ற கருதுகோளை மெய்யெனக் கொண்டு, மிகப் பெரிய எண்களுக்கு அவர் நிறுவினார். அதே எல்லையைக் குறித்து 1984 இல் றொபின் வெளியிட்ட தேற்றம் கணித உலகை வியக்கச் செய்தது. 5040 இன் மேற்பட்ட எந்த எண்ணும் அவ்வெல்லையைத் தொடாது என்பது மெய்யாயின் றீமன் கருதுகோளும் மெய். அது பொய்யாயின் இதுவும் பொய். பிளேட்டோ நகரமைக்கத் தேர்ந்த எண் இங்கே மூன்றாம் முறையாக வந்து, இன்னும் தீர்க்கப்படாத பெரும் புதிர் ஒன்றின் எல்லைக்கல்லாய் நிற்கின்றது. முன்னர் விடுபட்ட எண்ணின் காரணித் தொகையாக அது வந்தமை தற்செயலே. இங்கே வந்தமையோ ஆழ்ந்த காரணம் உடையது.

இவ்வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்துவது யாது? தேர்விற் பெறும் புள்ளிகளைக் கொண்டு ஒருவரின் ஆற்றலை முற்ற அளத்தல் இயலாது என்பது இராமானுசன் வாழ்வைக் கூறுவோர் யாவரும் கூறும் பாடம், அது மெய்யே. ஆயினும் தேர்விற் தவறியவர் யாவரும் இராமானுசன் ஆகார் என்பதும் மெய். விடுபட்ட எண் உணர்த்தும் பாடம் அதனினும் வேறானது. கணிதத்தில் ஒரு கூற்று நிற்பது கூறியவரின் பெயரால் அன்று, சரிபார்க்கப்படுவதால். கேம்பிரிட்சு அளித்த பட்டமும், அரச கழகத்தின் உறுப்புரிமையும், உலகப் புகழும் ஒன்றுகூடி நின்றும் 5,040 என்பதை 4,800 இற் குறைந்ததாக்க முடியாது. அதுபோலவே, அப்பட்டியலில் ஓர் எண் குறைந்தமையால் ஏனைய நூற்றிரண்டும் தம் இடத்தை இழப்பதும் இல்லை. குற்றம் கண்டவுடன் நூலை எறிபவனும், பெயர் கண்டவுடன் ஆராயாது தலைவணங்குபவனும் கணிதம் கற்றவர் ஆகார்.

பெரிய பெயர்களை மாணவர்முன் வைக்கும்போது அவற்றை வழிபாட்டுக்கு மட்டும் வைத்தல் போதாது. கையில் எழுதுகோலையும் கொடுத்தல் வேண்டும். நூலகமோ பொறியோ அருகில் இல்லாத இடத்திலும் இவ்வெண்ணைச் சோதிக்கலாம். வாவிக்கரையில் உள்ள பெரியகல்லாற்று மாணவன் ஒருவன், இராமானுசன் பட்டியலின் இறுதி எண்ணாகிய 6,746,328,388,800 ஐத் தன் அப்பியாசப் புத்தகத்தில் எழுதி, தேங்காய்களை அடுக்கும்போது ஒரே வரிசையன்றி வேறு வரிசைக்கு இணங்காத அந்த 23 ஆல் அதனை வகுத்துப் பார்ப்பானாக. மீதி இல்லை. ஈவாக வரும் 293,318,625,600 என்பதே 1915 இல் அச்சேறாத எண். அதனை அவன் தன் கையாலேயே தாளில் எழுதி முடித்திருப்பான்.